ஞாயிற்றுக்கிழமைக் குளிர்

மச்சான்,

இன்று கூண்டுக்கு வெள்ளையடித்தேன். மழைக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு தடவை அடித்தாக வேண்டும் என்பது ஆபீஸ் விதி. பெயிண்ட் டப்பாவின் மூடியை ஆணியால் நெம்பியதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது; கூடவே நீயும் வந்து நின்றுவிட்டாய். சட்டையைக் கழற்றிச் சவுக்குக் கிளையில் மாட்டிவிட்டு, சாய்வுப் பலகைகளுக்கு நடுவே விரலை விட்டு விட்டு நீ பூசுவாய், நான் தள்ளி நின்று பார்ப்பேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்தது. என் வேட்டி கெட்டுவிடும் என்று என்னைக் கிட்டே விடமாட்டாய். இந்த வருஷம் வேட்டியும் போயிற்று, முழங்கை வரை வெள்ளையும் ஆயிற்று.

அந்தக் கையோடுதான் தபால்காரரிடமிருந்து சென்னைக் கடிதத்தை வாங்கினேன். உறையின் மேல் என் கட்டைவிரல் பதிந்து கிடக்கிறது. போன வருஷத்து மாத அறிக்கைகளை அச்சுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். எல்லாம் சரியாக இருக்கிறதாம், ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாம். பக்கத்து நிலையங்களைப் பார்த்து ஓர் உத்தேச எண்ணைப் போட்டு உடனே அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மரியாதையான கடிதம்தான். பதில் நாளைத் தபாலில் போக வேண்டும். அதை எழுதுவதற்கு முன்னால் உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கூண்டு வந்து இறங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இந்தக் கடலோரச் சவுக்குத் தோப்பில் நான் ஆபீஸ் குமாஸ்தா, நீ காவல். ஐம்பதுகள் தொடங்கியிருந்த சமயம். சென்னையிலிருந்து வானிலை ஆபீஸ் அதிகாரி ஒருவர் லாரியில் நாலு கால் வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நட்டார். உள்ளே இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்று பகலில் வெயில் எவ்வளவு ஏறியது என்று காட்டும், மற்றது இரவில் எவ்வளவு குளிர்ந்தது என்று காட்டும். உங்கள் குப்பத்துப் பெண்கள் அதைப் புறாக்கூண்டு என்றார்கள். புறா எப்போது வரும் என்று உன் மனைவி என்னையே கேட்டாள்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான், திங்கள் காலை தொடங்கி ஞாயிறும் சேர்த்து. குளிர்த் தெர்மாமீட்டருக்குள் ஒரு சின்னக் கறுப்பு ஊசி உண்டு. இரவு எதுவரை குளிர்ந்ததோ அதுவரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். காலை எட்டரைக்கு ஊசி நிற்கும் இடத்தைப் படித்து நோட்டில் எழுதிவிட்டு, தெர்மாமீட்டரைச் சாய்த்து ஊசியைப் பழைய இடத்துக்கு ஏற்ற வேண்டும். மாலையில் இதே போல வெயில். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வெயில், ஒரு குளிர். இவ்வளவையும் அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டு அதிகாரி லாரி ஏறிவிட்டார். எந்த இரவு எந்த நாளைச் சேர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. அது ஒரு கேள்வி என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

நீ அளவெடுத்த அழகு இருக்கிறதே! கூண்டுக்கு இருபதடி தள்ளியே பீடியை அணைத்துவிடுவாய். கதவைத் திறந்ததும் மூச்சை அடக்கிக்கொள்வாய், உன் மூச்சுச் சூட்டில் கண்ணாடி ஏமாந்துவிடும் என்று. குப்பத்திலிருந்து வெறுங்காலில் மணலில் நடந்து வருகிறவன் நீ. கதவைத் திறக்கும் முன்பே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே பார்ப்பாய். காலில் மணல் பட்டால் குளிரின் டிகிரி தெரிந்துவிடும் என்பது உன் கட்சி. சரியாகச் சொன்ன நாளில் சாயங்காலம் வரை அதையே பேசுவாய். தப்பிய நாளில் தெர்மாமீட்டருக்கு ஜலதோஷம் என்பாய். உண்மையைச் சொன்னால், அதற்கு வாரத்தில் ஐந்து நாள் ஜலதோஷம்.

மாதக் கடைசியில் உன் நோட்டையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்து மாத அறிக்கையை எழுதுவது என் பொறுப்பு. கருங்குழியில் அத்தாவின் ஜவுளிக் கடையில் மூட்டைகளின் மேல் ஊர்ப் பெயர் எழுதிப் பழகிய கை இது. கட்டம் கட்டமாய் இருக்கும் அந்தப் பெரிய தாளில் ஒரு கறை, ஓர் அடித்தல் இல்லாமல் எழுதி, அடியில் என் கையெழுத்தைப் போட்டு, பிறகு உன்னிடம் நீட்டுவேன். நீ நாக்கைக் கடித்துக்கொண்டு உன் பெயரை எழுதுவாய். அந்தத் தாள் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பதில் எனக்கு அப்போதும் கர்வம், இப்போதும் கர்வம்.

முதல் மாதமே ஒரு சிக்கல் வந்தது. அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் குளிர் எண்ணே இல்லை. உன் நோட்டு சனியோடு முடிந்துவிட்டது, என் நோட்டு திங்களில் தொடங்குகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கோ இரண்டு எண், உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. பிறகு வந்த ஞாயிறு மறுபடி காலி. எட்டாவது வரை படித்தவன், தேதி தடுமாறுகிறது, கேட்டால் மனம் நோகும் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். உன் மேல் எனக்கு இரக்கமாம்! காலியாக இருந்த ஞாயிறுகளில் சனிக்கும் திங்களுக்கும் நடுவில் ஓர் எண்ணைப் போட்டு நிரப்பினேன். இரண்டு எண் இருந்த ஞாயிறுகளில் என்னுடையதை வைத்துக்கொண்டு உன்னுடையதை விட்டுவிட்டேன். தாள் பார்க்க லட்சணமாக இருந்தது. மூன்று மாதம் இப்படியே அனுப்பினேன்.

பிறகு வந்ததே சென்னையிலிருந்து அந்த முதல் கடிதம். தை மாதத்தில் ஓர் இரவு திடீரென்று குளிர் இறங்கியது. செங்கல்பட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் இருக்க, நம் அறிக்கையில் மட்டும் சனிக்கிழமையே வந்துவிட்டிருந்தது. அது எப்படி என்று கேட்டிருந்தார்கள். மேலும், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றின் எண் மட்டும் முன் நாளுக்கும் பின் நாளுக்கும் சரியாக நடுவில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அளவெடுக்காமலேயே எழுதப்படுகிறது என்று கருத இடமிருக்கிறது. இருவரும் இரண்டு நோட்டுகளோடு செங்கல்பட்டுக்கு வந்து, அங்கே முகாமிடும் அதிகாரியிடம் விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் கூண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், பெயர்களும் தோப்பு மேலதிகாரிக்குப் போகும்.

நான் வாசித்து முடிக்கும் வரை நீ நின்றுகொண்டே கேட்டாய். ஒரு ஞாயிறு கூடத் தவறியதில்லை என்று உன் நோட்டை எடுத்துப் புரட்டினாய். அந்தக் குளிரை ஞாயிறு காலை எட்டரைக்கு நீதான் படித்திருந்தாய். படித்துச் சனிக்கிழமையில் எழுதியிருந்தாய். ஏன் என்று கேட்டேன். இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையா என்பது போல என்னைப் பார்த்தாய்.

"குளிரு எப்ப எறங்குது? விடியறதுக்கு மின்னாடி. சூரியன் கெளம்பங்காட்டியும் அது நேத்துதான பாய்."

விடியாமல் நாள் மாறாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். மூன்று மணிக்குக் கட்டுமரம் தள்ளுகிறவனுக்கு அது இன்னும் முந்தின நாள்தான். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிவிட்டால் அடுத்த நாள் பிறந்துவிட்டது. பிறை பார்த்த இரவிலேயே எங்களுக்கு நோன்பு மாதம் தொடங்கிவிடும். அந்த இரவு நாளைக்கு உரியது. அதனால் விடியற்காலைக் குளிரை நான் அன்றைய தேதியில் எழுதியதில் எனக்கு ஒரு நிமிஷம் கூட யோசனை வந்ததில்லை, நேற்றைய தேதியில் எழுதியதில் உனக்கும் வந்ததில்லை. வாரம் கைமாறும்போது ஒரு ஞாயிறு விழுந்துபோனதும், அடுத்த ஞாயிற்றில் இருவரும் ஒரே கட்டத்தில் முட்டிக்கொண்டதும் அதனால்தான். இருவரும் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

நீ சிரிக்கவில்லை. உன் வாரத்து ஞாயிறு காலி என்றால் அங்கே இருந்த எண் எது என்று கேட்டாய். நான்தான் போட்டேன் என்றேன். திங்கட்கிழமை நீ எடுத்த குளிர் எங்கே போயிற்று என்றாய். விட்டுவிட்டேன் என்றேன். நீ எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, யாரும் எடுக்காததை எழுதியிருக்கிறேன். அதன் அடியில் உன்னிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். வாயால் சொல்லும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே தெரிந்தது. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இருந்தாலும் விட்டேனா! மறுநாளே ஒரு யோசனையோடு வந்தேன். குளிர்த் தெர்மாமீட்டரின் ஊசி சில நாட்களில் சிக்கிக்கொள்கிறது, அதனால் எண்கள் குழம்பிவிட்டன என்று சொல்லிவிடலாம். கருவியை மாற்றித் தருவார்கள், விஷயம் முடிந்துவிடும். நல்ல யோசனைதான், நம்பியும் இருப்பார்கள். நீ கூண்டின் கதவைச் சாத்திவிட்டு வந்தாய்.

"அதுக்கு வாயில்ல பாய். அது மேல பழி போடாத," என்றாய். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க வூட்ல மொத மொதல்ல கவர்மென்ட் காகிதத்துல பேரு வந்தது இதுலதான். பொய்க்காரன்னு வரக்கூடாது," என்றாய்.

செங்கல்பட்டுக்குப் போன பஸ்ஸில் நீ என்னோடு பேசவில்லை. இரண்டு நோட்டையும் ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாய். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது எனக்கு ஒரு டீ வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினாய், உனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. அந்த டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஊசி சிக்கிக்கொண்டது என்ற வாக்கியத்தை அப்போதும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறைத்து என்ன ஆகப் போகிறது, உனக்குத் தெரியாததா.

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எண்களை எழுதியது யார்? நீ துண்டை அவிழ்த்து நோட்டுகளை மேஜை மேல் வைத்தாய். என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. முடிவை என்னிடமே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான்தான் சார் என்றேன். காலியாக இருந்ததை நிரப்பியதையும், உன்னுடையதை விட்டதையும், உன்னைக் கேட்காமலேயே செய்ததையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் பேசியதில்லை. அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய்.

"கையெயுத்து ரெண்டு பேருதும் கீது சார்."

அவ்வளவுதான் சொன்னாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ கவனித்தாய் என்பது தெரியும், ஏனென்றால் எதற்கும் என்னைக் கிண்டல் செய்யும் நீ பிற்பாடு அதை மட்டும் கிண்டல் செய்யவில்லை.

நாள் மாறும் கதையைக் கேட்டு அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். காலையில் படிப்பதைப் படித்த தேதியிலேயே எழுதுங்கள் என்று இரண்டு நோட்டிலும் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நம் மூன்று மாத அறிக்கைகளிலும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். காலியாக விட்டிருந்தால் சில நாட்கள்தான் போயிருக்கும், நிரப்பியதால் எதை நம்புவது என்று தெரியாமல் எல்லாமே போய்விட்டது என்றார். கூண்டு நம்மிடமே இருக்கட்டும் என்றும் சொன்னார். நீ மூச்சை அடக்காமல் அளவெடுத்த எண் ஒன்று கூட அந்தத் தாள்களில் கிடையாது. அத்தனையும் என்னால் வீணாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் நீ பேசினாய். "இனிமே தெரிலன்னா காலியா வுட்டுடு, பாய். தெரியாததுக்கு எண்ணு போடாத." சொல்லிவிட்டு என் தோள் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாய். மாமல்லபுரம் வரை நான் அசையவில்லை.

அதற்குப் பிறகு நான் உன்னைச் சும்மா விட்டேனா? விதி என் கணக்குப்படி அமைந்துவிட்டதல்லவா! சர்க்காரே எங்கள் பக்கம் என்று வருஷக்கணக்கில் உன்னைச் சீண்டினேன். சர்க்காருக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்று நீ ஒரே போடாகப் போட்டுவிடுவாய். ஆனால் நோட்டில் விதிப்படிதான் எழுதினாய். நோன்பு மாதத்தில் மாலை அளவை நீ எடுத்துக்கொண்டு என்னை நேரத்தோடு அனுப்பிவிடுவாய், பிறகு கஞ்சிக்கு நீயும் வந்து சேருவாய். அது போன்ற வருஷங்கள் நமக்கு ஐந்தாறு கிடைத்தன. ஒரு ஞாயிறு கூட விழவில்லை.

போன வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லியும் செங்கல்பட்டு டாக்டரும் மாறி மாறிப் பார்த்தும் கேட்கவில்லை. உன் வாரத்தையும் சேர்த்து நானே அளவெடுத்தேன். எடுத்ததும் நேரே உன் வீட்டுக்கு வருவேன். பாயில் படுத்தபடி ஓர் எண்ணைச் சொல்வாய், பிறகு நான் சரியானதைச் சொல்வேன். மணலில் கால் படாமலே சொன்னதால்தான் தப்புகிறது என்பாய். ஒரு நாள் உன்னைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நீ சொன்ன எண்ணையே சரி என்றேன். நீ என்னை உற்றுப் பார்த்தாய். உடனே சரியானதைச் சொல்லிவிட்டேன்.

நீ போன நாள் ஞாயிறு கூட இல்லை, புதன். இருட்டு பிரியும் முன்னே உன் மனைவி ஆள் அனுப்பினாள். நான் வந்தபோது உனக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாய். சூரியன் கிளம்பங்காட்டியும் போய்விட்டாய். எட்டரை மணி வந்தது. உன் மனைவிக்குத்தான் அது முதலில் நினைவு வந்தது.

"அண்ணே, கூண்டு," என்றாள்.

இருக்கட்டும்மா என்றேன். உன்னைக் கடற்கரை மணலில் வைத்துவிட்டு வரும்போது பொழுது போய்விட்டிருந்தது. கூண்டு பக்கம் நான் போகவில்லை. மறுநாள் எட்டரைக்குத்தான் போய்த் திறந்தேன். வெயில் தெர்மாமீட்டரில் புதன் பகலின் எண் கெடாமல் இருந்தது. ஊசி நின்றுகொண்டிருந்தது, இரண்டு இரவுகளில் எது அதிகம் குளிர்ந்ததோ அந்த இடத்தில். அது நீ போன இரவா, அடுத்ததா என்று ஊசி சொல்லாது. நிரப்ப நினைத்திருந்தால் எனக்கு அரை நிமிஷ வேலை. ஊசி நின்ற எண்ணை இரண்டு இரவுக்கும் சேர்த்தது என்ற குறிப்போடு வியாழனில் எழுதி, புதன்கிழமைக் குளிர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன். மாத அறிக்கையின் அடியில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நீ பெயர் எழுதும் இடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ இறந்தது எந்த நாள் என்று உன் உறவுக்காரர்கள் பேசிக்கொண்டபோது என்னைக் கேட்டார்கள். என் கணக்குக்குப் புதன், அரசாங்கத்துக்கும் புதன். செவ்வாய் என்று சொன்னேன். விடியவில்லையே மச்சான். வாழ்ந்த காலத்தில் இதில் உனக்கு நான் ஒரு தடவை கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது சென்னைக்குப் பதிலை எழுதிவிட்டேன். இரண்டே வரி. அன்று அளவு எடுக்கப்படவில்லை, உத்தேச எண் அனுப்ப இயலாது. தாள் அச்சில் வரும்போது அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கும். பார்க்கிறவர்கள் ஏதோ ஒரு கடற்கரையில் ஏதோ ஒரு குமாஸ்தா சோம்பேறித்தனமாக இருந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளட்டும். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்த மாதம் புதுத் தெர்மாமீட்டர்கள் வருகின்றன. இனி எல்லாம் சென்டிகிரேடில்தானாம். பாரன்ஹீட் அறுபத்தெட்டு எழுபது போய் இருபது இருபத்தொன்று. உன் கால்களுக்கு மறுபடி முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டியிருந்திருக்கும். என் கால்களுக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். நீ போனதிலிருந்து தினமும் காலையில் செருப்பைத் தோப்பு வேலியோரம் விட்டுவிட்டு மணலில் நடந்துதான் கூண்டுக்குப் போகிறேன். கதவைத் திறக்கும் முன்பு ஓர் எண்ணைச் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்கிறேன். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பார்க்கிறேன். அநேகமாக எல்லா நாளும் தப்பு. ஊசி சொல்வதைத்தான் எழுதுகிறேன், மச்சான்.